கண்மாய்க்கரையில் காலை நடை... காலில் முள் ஜாக்கிரதை!

"தினம் அரை மணி நேரம் நடங்க"ன்னு டாக்டர் சொல்லி அனுப்புகிறார். நாலு நாள் நடப்போம். ஐந்தாம் நாள், "நாளைக்குப் பார்த்துக்கலாம்!" நடையில் சுவாரஸ்யம் இல்லை, அதுதான் காரணம்.

ராமநாதபுரம் பக்கம் உள்ளவர்களுக்கு அந்தச் சுவாரஸ்யம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முதுகுளத்தூர் அருகே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989-லேயே பறவைகள் சரணாலயம் ஆனவை. 2022-ல் சர்வதேச ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால், மார்கழி, தையில் கருவேல மரமெல்லாம் கூடுதான்! மழை பொய்த்த வருஷம் ஏமாற்றமே, விசாரித்துவிட்டுப் போங்கள்.

பறவைகளை அடையாளம் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அலகுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. அலகின் கீழே பை தொங்கினால் கூழைக்கடா. தண்ணீரில் கரண்டியை இப்படியும் அப்படியும் துழாவுவது போல் அலகை ஆட்டுகிறதா? கரண்டிவாயன்! குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

மனசுக்கும் இது நல்லது. லண்டன் கிங்ஸ் கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 1,300 பேர் பங்கேற்றார்கள். பறவையைப் பார்த்தாலோ, குரலைக் கேட்டாலோ வரும் மனத்தெம்பு எட்டு மணி நேரம் வரைகூட நீடித்ததாம், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும்தான். ஆனால் நின்று நின்று பார்ப்பது உடற்பயிற்சிக் கணக்கில் சேராது. முதல் அரை மணி நேரம் கை வீசி வேகமாக நடந்துவிடுங்கள். பைனாகுலரை அப்புறம் எடுக்கலாம்.

முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கண்மாய்க்கரை என்றாலே கருவேல முள். பல வருஷமாக சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் தைத்ததே தெரியாது. புண் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். விரலை, சில சமயம் காலையே எடுக்கும்படி ஆவது இப்படித்தான். ரப்பர் செருப்பைக் கருவேல முள் சுலபமாகத் துளைத்துவிடும். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ, வெளிர் நிற சாக்ஸ் போடுங்கள். ரத்தம் கசிந்தால் உடனே தெரியும். வீடு திரும்பியதும் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். முள் ஒடிந்து உள்ளே நின்றால் ஊக்கால் குத்திக் கிளறுவது, எருக்கம்பால் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போய், சர்க்கரை இருப்பதையும் சொல்லி, டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால், எந்தப் பறவை தெரிந்தாலும் சரி, முதலில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள்.