சட்டமும் குற்றவியலும்: ஒரு மலைமகள் கேட்ட படிப்பு

கொல்லிமலையில் வீடு சந்திக்கச் சென்றிருந்த ஒரு மாலையில், தந்தைக்கும் மகளுக்கும் இடையே எழுந்திருந்த பிணக்கைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு என்மீது விழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்த அம்மகள், சட்டத்தையும் குற்றவியலையும் சேர்த்துக் கற்க விரும்பினாள். "சட்டம் படிக்கட்டும், சாமி, நான் தடுக்கவில்லை. கள்ளனையும் கொலைகாரனையும் பற்றிப் படிப்பது பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்றார் தந்தை. தாய் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மகளின் அருகில் போய் அமர்ந்துகொண்டார். தீர்ப்பின் பாதி அப்பொழுதே எழுதப்பட்டுவிட்டது!

அன்பார்ந்த பெற்றோர்களே, அத்தந்தையின் ஐயம் நம்மில் பலருக்கும் உள்ளதே. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை, அதை எவ்வாறு மெய்ப்பிப்பது என்பவற்றைச் சட்டம் கூறுகிறது. குற்றம் ஏன் நிகழ்கிறது, யார் பிடிபடுகிறார்கள், யார் தப்புகிறார்கள், பாதிக்கப்பட்டவரின் கதி என்ன, தண்டனை ஒருவனைத் திருத்துகிறதா என்று கேட்பது குற்றவியல். முன்னது ஏட்டைப் பார்க்கிறது. பின்னது மனிதனைப் பார்க்கிறது.

இவ்வியலின் முன்னோடிகளுள் ஒருவர் மிலான் நகரத்துப் பெக்காரியா. இயேசு சபையாரிடம் பயின்றவர். சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து 1764இல் அவர் எழுதிய நூலை, 1766இல் நம் திருச்சபையே தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. இதை மறைப்பானேன்? 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியபோது, பெக்காரியாவின் கல்லறைக்கு ஒரு மலர் வைக்கப்பட்டதாகவே எனக்குத் தோன்றிற்று.

குற்றவியலும் வழிதவறியதுண்டு. குற்றவாளி பிறவியிலேயே அவ்வாறு பிறக்கிறான் என்று 1876இல் எழுதினார் இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1871இல், இந்தியாவில் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றிச் சில சமூகங்களை முழுமையாகவே குற்றவாளிகள் என முத்திரை குத்தத் தொடங்கிவிட்டது. நாடு முழுவதிலும் அச்சட்டம் நீங்க 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆராயாத சட்டமும் சட்டத்தின் கடிவாளம் இல்லாத ஆராய்ச்சியும் ஏழைகளின் தலையிலேயே விடிகின்றன.

கொல்லிமலை மக்களுக்கு இது தொலைதூரத்துக் கதையன்று. கொல்லிமலையிலும் பச்சைமலை, கல்ராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் ஒரே இனத்தார். தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி அவர்களுடைய சிற்றூர்களில் ஒன்று. 1992 ஜூன் 20ஆம் நாள், கடத்தல் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் கெடுக்கப்பட்டனர். பின்னர் அப்பெண்களையும் ஊராரையுமே கைதுசெய்து சேலம் சிறையில் அடைத்தார்கள்.

அன்றைய ஏடுகளின்படி குற்றவாளிகள் யார்? சந்தனம் திருடிய ஊரார்! ஏட்டை மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு வழக்கு அத்தோடு முடிந்தது. மரம் வெட்டக் கூலிக்கு அழைத்தவர் யார், விற்றுப் பொருள் சேர்த்தவர் யார், சிறையிலிருக்கும் பெண்கள் ஏன் வாய்திறக்க அஞ்சுகிறார்கள் என்று கேட்டவர்களால்தான் வழக்கு தலைகீழாகத் திரும்பியது. பழங்குடி மக்கள் சங்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் விடாது போராடினர். நாம் அன்று எங்கே இருந்தோம் என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. 1995இல் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி, தாமே வாச்சாத்திக்கு நேரில் சென்று பார்த்தபின், 2023 செப்டம்பர் 29ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதிசெய்தார். முப்பத்தோர் ஆண்டுகள்! அன்று சிறுமியராயிருந்தோர் நடுவயதை எட்டிவிட்டனர்.

நல்ல சமாரியர் உவமையை ஆண்டவர் யாருக்குச் சொன்னார்? ஒரு திருச்சட்ட அறிஞருக்கு. சட்டம் என்ன கூறுகிறது என்பதை அவர் பிழையறச் சொல்லிவிட்டார். ஆண்டவரோ அவரை எரிகோவுக்கு இறங்கும் சாலைக்கு அழைத்துச் சென்று, அடிபட்டுக் கிடந்தவனைப் பார்க்கச் செய்தார். அவ்வழியே வந்த குரு விலகிப் போனார் என்பதை, குருவாகிய நான் மறப்பதற்கில்லை.

இனிப் படிப்புக்கு வருவோம். இரண்டையும் இரு முழுநேரப் பட்டங்களாக ஒரே காலத்தில் படிக்க முடியாது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் அதைத் தடுக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்து, குற்றவியலையும் தண்டனையியலையும் விருப்பப் பாடமாக எடுப்பது ஒரு வழி. குற்றவியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின் மூன்றாண்டுச் சட்டம் பயில்வது மற்றொன்று. சட்டம் முடித்தபின் முதுநிலையில் குற்றவியல் கற்போரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கிய குற்றவியல் கல்வி 1983இல் தனித்துறையாயிற்று. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அத்துறை உண்டு. நாமக்கல்லிலேயே 2019இல் அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால் போதும்.

ஜவ்வாது மலையைச் சேர்ந்த மலையாளிப் பெண் ஸ்ரீபதி, சட்டம் பயின்று, மகவு ஈன்ற சில நாட்களிலேயே தேர்வெழுதி, உரிமையியல் நீதிபதிப் பணிக்குத் தேர்ச்சி பெற்ற செய்தி 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. அதை எடுத்துரைத்ததும் தந்தையின் முகம் இளகிற்று. மகளோ, "நீதிபதி ஆவதற்கு முன் சிறையிலிருப்பவர்களைப் பார்க்க வேண்டும், சாமி" என்றாள். நம் நாட்டுச் சிறைகளில் இருப்போருள் நால்வரில் மூவர் தீர்ப்புக்குக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள் என்பதை அவள் எங்கோ படித்திருந்தாள். சார்க்கண்டில் அத்தகைய பழங்குடி இளைஞர்களுக்காக ஆய்வு செய்த நம் திருச்சி மண்ணின் மைந்தர் ஸ்டேன் சுவாமி அடிகளார், 2021 ஜூலை 5ஆம் நாள், தாமே விசாரணைக் கைதியாக இறந்ததையும் அவள் அறிந்திருந்தாள்.

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நாம் வேதத்தில் இருப்பதால் பழங்குடிச் சான்று செல்லாது என்கிறார்களே, சாமி, உண்மையா?" என்று கேட்டார். உண்மையன்று. மதம் மாறுவதால் பழங்குடியினர் தகுதி நீங்குவதில்லை. பட்டியல் சாதியினருக்குத்தான் 1950ஆம் ஆண்டு ஆணையால் அந்த அநீதி இழைக்கப்படுகிறது. அதைச் சொன்னதும் அவர் எழுந்து உள்ளே சென்றார். பெட்டியைத் திறக்கும் ஓசை கேட்டது.