பிள்ளை பெற்றவளுக்குத் துணை நிற்போம்



மர்யம் (அலை) அவர்கள் தனிமையில் பிரசவ வேதனையுற்றபோது, அல்லாஹு தஆலா பேரீச்சம்பழமும் நீரோடையும் அளித்து, கவலையையும் அகற்றினான். உணவும் ஆறுதலும் ஒருசேர வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

1990 இல் வெளியேற்றப்பட்டு, 2009 இன் பின்னர் முல்லைத்தீவுக்கு மீண்ட குடும்பங்களில், பெண்ணின் தாயார் புத்தளத்திலேயே தங்கிவிட்டதும் உண்டு. அங்கே தாய்வீட்டின் பொறுப்பு கணவனைச் சாருகிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியதை ஆயிஷா (ரழி) அறிவிக்கின்றார்கள்.

கிளினிக்குக்கு உடன் செல்லுங்கள். இரவில் பிள்ளையை ஏந்துங்கள். வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரின் சொற்கேளுங்கள். அதிக இரத்தப்போக்கோ காய்ச்சலோ கண்டால், தாமதியாது வைத்தியசாலையை நாடுங்கள். இரு வாரம் கடந்தும் அழுகையும் சோர்வும் நீடிப்பின், அது ஈமானின் குறையன்று. மருத்துவம் வேண்டும் நோய்.

அல்லாஹ் நம் தாய்மாருக்கு ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன்.