பங்கோரில் அலைச்சறுக்கு உண்டா?

ஈப்போவில் ஆறாம் படிவம் படிக்கும் என் சித்தப்பா மகள் போன வாரம் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, பள்ளி விடுமுறைக்கு நாங்க ஆறு பேரு பங்கோர் போறோம். சர்ஃபிங் பலகை அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. பங்கோரில் அலைச்சறுக்குச் செய்யும் அளவுக்கு அலை எழும்பாது. ஒருநாள் எழும்பினால், அன்று அவள் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது.

அலை கரையில் பிறப்பதில்லை. பரந்த கடற்பரப்பில் காற்று நெடுந்தூரம் தடையில்லாமல் வீசினால்தான் நீர் திரண்டு பெரிய அலையாகும். மலாக்கா நீரிணையில் அதற்கு இடமில்லை. எதிரே சுமத்ரா தீவு நீளச் சுவராகக் கிடந்து இந்தியப் பெருங்கடலை மறைக்கிறது. அதனால்தான் லுமுட், பங்கோர் பக்கம் பெரும்பாலான நாள்களில் கடல் குளம் போல் இருக்கிறது. தீபகற்பத்தின் கிழக்குக்கரை அப்படியல்ல. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வந்து அங்கே மோதுகிறது. பகாங்கின் செராத்திங் அலைச்சறுக்குக்குப் பெயர் பெற்றது இந்த மாதங்களில்தான். அதே மாதங்களில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பல தங்குவிடுதிகள் கதவைச் சாத்திவிடும். சாதாரணமாக நீந்துபவருக்கு அந்தக் கடல் ஆபத்தானது.

செராத்திங்கில் ஆமைப் பாதுகாப்பு மையமும் இருக்கிறது. ஆனால் பச்சை ஆமைகள் முட்டையிட அதிகமாகக் கரையேறுவது ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அலைக்காகப் போனால் ஆமை இருக்காது, ஆமைக்காகப் போனால் நல்ல அலை கிடைப்பது அரிது. எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு இடத்தையும் மாதத்தையும் தேடுவதே சரி. நம்மில் பலர் விடுமுறைத் தேதியை முடிவு செய்துவிட்டு, படத்தில் அழகாகத் தெரிந்த கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

நானும் அப்படிக் கிளம்பியவன்தான்.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுவாரம் எங்கள் தோட்டத்துப் பையன்கள் ஐந்து பேர் தெலுக் பாத்தேக் போனோம். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டு வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் ஊருக்குள் அது இன்னும் "ரப்பர் தோட்டம்"தான். தோட்டத்துக்குப் பின்னால் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்று உண்டு. நாங்கள் நீந்தப் பழகியது அதில்தான். கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்த பலருக்கு அப்படி ஒரு குட்டை இருக்கும். வீட்டில் அடி வாங்கிக்கொண்டே கற்ற நீச்சல் அது. குட்டையைக் குறுக்கே கடந்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன பயம்?

நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். லோரி டயர் டியூப்பில் ஒருவன் மிதந்துகொண்டிருந்தான். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெகுதூரம் போயிருந்தான். அலையே இல்லை. அவன் கையைக் காலை ஆட்டவும் இல்லை. வற்றிக்கொண்டிருந்த கடலும் கரையிலிருந்து வீசிய காற்றும் அவனைச் சத்தமில்லாமல் இழுத்துப் போயிருந்தன. நான் அவனை நோக்கி நீந்தினேன். போவது சுலபமாக இருந்தது. திரும்பும்போதுதான் தெரிந்தது, எத்தனை வீச்சு வீசினாலும் கரை அதே இடத்தில் நிற்கிறது. இருவரும் அந்த டியூப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினோம். சம்பான் படகில் வந்த ஒரு மலாய் மீனவர் எங்களை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் பேசவில்லை. கரை வந்ததும் தண்ணீரைக் காட்டி, "ஆயிர் சூருட்" என்று மட்டும் சொன்னார். நீர் வற்றுகிறது என்று பொருள்.

நம் மேற்குக்கரையில் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில் மாசி மகத்துக்குப் போனவர்கள் நினைத்துப் பாருங்கள். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. திருவிழாவுக்குப் போய் அப்படியே குளிக்க இறங்கும் பிள்ளைகள், கடல் மிக வேகமாக ஏறி இறங்கும் நாள்களில்தான் இறங்குகிறார்கள். கைப்பேசியில் லுமுட் ஓத அட்டவணையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரம் நீந்த நல்ல நேரம். வற்றத் தொடங்கியதும் மேலே வந்துவிட வேண்டும்.

நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நேராக நீந்தாதீர்கள். நான் செய்த தவறு அதுதான். மல்லாந்து மிதந்து மூச்சைக் காத்துக்கொண்டு கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். மலாக்கா நீரிணையில் பெட்டி ஜெல்லி மீன்களும் உண்டு. பையில் ஒரு போத்தல் சமையல் வினிகர் இருக்கட்டும். கொட்டிய இடத்தில் அதை ஊற்ற வேண்டும். மணலால் தேய்ப்பதும் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் விஷத்தை இன்னும் பரப்பிவிடும். மூச்சுத் திணறினால் உடனே 999.

இவ்வளவும் சொன்ன பிறகு தங்கை கேட்டாள்: "அப்போ பங்கோர் போய் என்னதான் செய்றது? சாக்லேட் வாங்கறதா?" வரியில்லாத் தீவாக அறிவித்ததிலிருந்து அதற்கென்றே போகிறவர்களும் உண்டுதான்.

பார்க்க நிறைய இருக்கிறது. தெலுக் நிப்பாவில் மாலை நேரத்தில் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக வந்து மின்கம்பியில் உட்காரும். காட்டில் நாள் முழுக்க அலைந்தாலும் இவ்வளவு அருகில் காண முடியாது. பழம் நீட்டிப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. சும்மா நின்றாலே அவை வரும். குரங்குகளிடம் மட்டும் பையைக் காட்டாதீர்கள். 1874 பங்கோர் ஒப்பந்தத்தை வரலாற்றுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் தெலுக் கெடோங்கில் உள்ள டச்சுக் கோட்டையையும் எட்டிப் பார்க்கலாம். அது ஒப்பந்தத்துக்கு இருநூறு ஆண்டு மூத்தது.

ஆமைக்காக என்றால் பேராவை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. செகாரி பாசிர் பாஞ்சாங்கில் மீன்வளத் துறையின் ஆமை மையம் இருக்கிறது. பச்சை ஆமை ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டையிடும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். பூமி வெப்பமாவதைப் பாடநூலில் படிக்கிறோமே, அதன் கணக்கு அந்த மணலுக்குள்ளும் நடக்கிறது. திரெங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 தோல்முதுகு ஆமைக் கூடுகள் இருந்தன. இன்று ஒன்று வந்தாலே அது செய்தி. முட்டைகளை மனிதர்கள் எடுத்துத் தின்றதும் வலையில் சிக்கியதும் முக்கியக் காரணங்கள். ஆகவே இரவில் ஆமை பார்க்கப் போனால் கைவிளக்கும் கேமரா வெளிச்சமும் வேண்டாம். வெளிச்சம் கண்டால் தாய் திரும்பிவிடும், குஞ்சு வழி தவறும்.

பறவைப் பிரியர்களுக்கு கோலா குலா. அங்கே நீந்த முடியாது, முழங்கால் வரை சேறு. வலசைப் பறவைகளுக்கு அந்தச் சேறுதான் சாப்பாட்டு மேசை. செப்டம்பருக்குப் பிறகு வடக்கிலிருந்து அவை வந்து இறங்கும். பக்கத்திலேயே சுமார் 40,000 ஹெக்டர் பரப்பில் மாத்தாங் சதுப்புநிலக் காடு. நூறாண்டுக்கும் மேலாக முறைப்படி வெட்டி, மறுபடி வளர்த்து வருகிறார்கள்.

தங்கையும் தோழிகளும் திட்டத்தை மாற்றிவிட்டார்கள். அமான்ஜெயா முனையத்திலிருந்து காலைப் பேருந்தில் லுமுட், அங்கிருந்து படகு. மாலையில் இருவாச்சி, மறுநாள் காலை ஏற்றத்தில் நீச்சல். அலைச்சறுக்கை நவம்பருக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள், அதுவும் செராத்திங்கில் பயிற்றுநர் ஒருவரோடு. ஓத அட்டவணையை அவளே பார்த்து எனக்கு அனுப்பினாள். வினிகர் போத்தல் அம்மாவின் சமையலறையிலிருந்து ஏற்கெனவே காணாமல் போய்விட்டதாம்.