பாறைக்கு மதிப்பெண் இடுவது யார்?

உத்தரகண்ட் மாநிலம் சில்க்யாராவில் 2023 நவம்பர் 12-ஆம் தேதி சுரங்கப்பாதை இடிந்து, 41 தொழிலாளர்கள் 17 நாள்கள் சிக்கித் தவித்ததை நாடு மறந்திருக்காது. அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது என் நோக்கமன்று. மலையைக் குடையும்போது பாறையின் தரம் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதை, சுரங்கப் பணிகளில் நிலவியலாளராக இருந்தவன் என்ற முறையில் விளக்க விரும்புகிறேன்.

ஒரு கல்லின் வலிமையை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்து அறியலாம். ஆனால், மலை ஒரே கல் அன்று. செங்கல் உறுதியாக இருந்தும் சாந்து சரியில்லாவிட்டால் சுவர் சரிவதைப்போல, வலிய பாறையும் அதன் பிளவுகளின் வழியே சரியும்.

இதைக் கருத்தில் கொண்டே 1973-இல் பீனியாவ்ஸ்கி என்ற பொறியாளர் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். இன்று புழங்கும் அதன் வடிவில், மொத்தம் 100-இல் கல்லின் வலிமைக்கு அதிகபட்சம் 15 மட்டுமே. துளையிட்டு எடுக்கும் பாறை உருளையில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் விகிதத்துக்கு 20, பிளவுகளின் இடைவெளிக்கு 20, பிளவுப் பரப்பின் தன்மைக்கு 30, நிலத்தடி நீருக்கு 15. பிளவுகளின் திசை சுரங்கத்துக்குப் பாதகமாக இருந்தால் மதிப்பெண் கழிக்கப்படும்.

61 முதல் 80 வரை பெறும் பாறையில் 10 மீட்டர் அகலக் குடைவு, தாங்கல் இன்றிச் சுமார் ஓராண்டு நிற்கும். 21 முதல் 40 வரை என்றால், 2.5 மீட்டர் அகலக் குடைவுகூடப் பத்து மணி நேரம்தான் நிற்கும்.

இம்மதிப்பெண் நிலையானதும் அன்று. உலர்ந்த பாறை நீருக்கான 15-ஐயும் பெறும்; மழைக்காலத்தில் நீர் சொட்டத் தொடங்கினால் அது 4 ஆகிவிடும். கோடையில் 65 பெற்ற பாறை 54-க்கு இறங்கி, ஒரு தரம் தாழ்ந்துவிடும். எனவேதான் ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் குடைவு முகப்பை நேரில் பார்த்து மறுபடியும் மதிப்பிட வேண்டும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. தரம் குறைந்தால் எஃகு வளைவுகள் வேண்டும். செலவு கூடும், வேலை தாமதமாகும். ஒரு சுரங்கத்தில் நான் 38 என்று எழுதியபோது, அதை 41 ஆக்கும்படி கேட்டார்கள். 'மூன்று மதிப்பெண்தானே' என்றார்கள். அந்த மூன்று மதிப்பெண்ணில் பாறை 'மோசம்' என்பதிலிருந்து 'சுமார்' என்பதற்கு உயர்ந்துவிடும். நான் மறுத்தேன். என் பணி நிரந்தரமானது. அதனால் மறுக்க முடிந்தது. ஒப்பந்த நிறுவனத்திடமே மாதச் சம்பளம் வாங்கும் இளம் நிலவியலாளருக்கு அது எளிதா?

மதிப்பிடுபவரின் ஊதியம், கட்டுபவரின் கையிலோ கட்டச் சொல்பவரின் கையிலோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு மதிப்பீடும் முகப்பின் ஒளிப்படத்துடன் பதிவாகி, சுயேச்சையான குழுவின் தணிக்கைக்கு உட்பட வேண்டும். கணக்கைத் தணிக்கை செய்ய வெளியாரை அமர்த்தும் நாம், மனித உயிர்களைத் தாங்கி நிற்கும் பாறைக்கும் அதைச் செய்யலாமே!