சயாம் – பர்மா இரயில் பாதை மீதான வான் தாக்குதல்கள்

சயாம் – பர்மா இரயில் பாதை மீதான வான் தாக்குதல்கள் என்பவை இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, பிரித்தானிய, அமெரிக்க வான்படைகள் ஜப்பானியர் அமைத்த இரயில் பாதையின் யார்டுகள், பாலங்கள், இரயில் எஞ்சின்கள் ஆகியவற்றின்மீது நடத்திய குண்டுவீச்சுகளைக் குறிக்கும். மலேசியத் தமிழர்களிடையே இப்பாதை "சயாம் மரண இரயில்" என்று அறியப்படுகிறது. தாக்கிய விமானங்களுக்குப் பாதை எதிரியினுடையது. ஆனால் அப்பாதையின் ஓரத்தில் குடிசைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எதிரிகள் அல்லர். போர்க் கைதிகளும், மலாயாவின் இரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களுமே அவர்கள்.

பின்னணி

1942 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாயா, சிங்கப்பூர், பர்மா ஆகியவை ஜப்பானியர் வசமாயின. பர்மாவில் நிலைகொண்ட ஜப்பானியப் படைக்கு உணவும் வெடிமருந்தும் கடல்வழியே இரங்கூனுக்குச் செல்ல வேண்டியிருந்தது. மலாக்கா நீரிணையிலும் அந்தமான் கடலிலும் நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சுறுத்தல் மிகுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் மிட்வே சண்டையில் நான்கு வானூர்தி தாங்கிக் கப்பல்களை இழந்த பிறகு, கடல்வழியைக் காக்கும் வலிமையும் ஜப்பானுக்குக் குறைந்தது. எனவே சயாமிலிருந்து (தற்போதைய தாய்லாந்து) பர்மாவுக்குக் காட்டு வழியே இரயில் பாதை அமைக்க முடிவு செய்யப்பட்டது.

சயாமில் பான்போங் அருகிலுள்ள நோங் பிளாடுக் என்னுமிடத்தில் தொடங்கி, பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கி.மீ. நீளத்திற்கு மீட்டர் பாதை அமைக்கப்பட்டது. இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17 அன்று இணைக்கப்பட்டன. இதற்கான தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக் கரை இரயில் பாதையைப் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டதாகும். நாளொன்றுக்கு 3,000 டன் சரக்கு என்று முதலில் திட்டமிடப்பட்டது. வேலையை விரைவுபடுத்துவதற்காக இவ்வளவு பின்னர் 1,000 டன்னாகக் குறைக்கப்பட்டது.

பாதையில் இருந்தவர்கள்

ஏறத்தாழ 60,000 பிரித்தானிய, ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகள் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகை இதனினும் பன்மடங்கு பெரிது. பர்மியர், மலாயாத் தமிழர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் எனப் பல இனத்தவரும் சேர்ந்து 1,80,000க்கு மேற்பட்டோர் இருந்தனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்றும் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்ற 70,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பான்மையினர் தமிழர்.

போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றுபோனதால் தோட்டங்களில் வேலை இல்லை, அரிசிக்குத் தட்டுப்பாடு. மூன்று மாத வேலை, நல்ல கூலி, திரும்பி வரலாம் என்ற வாக்குறுதிகளுடன் 1943 ஆம் ஆண்டில் ஆள் சேர்ப்பு நடந்தது. வாக்குறுதி பலிக்காத இடங்களில் தோட்டத்திற்கு இத்தனை பேர் எனக் கணக்கிட்டுப் பிடித்துச் சென்றனர். குடும்பத்துடன் சென்றவர்களும் உண்டு. மலாயாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே அஞ்சல் தொடர்பு 1942 இலேயே அறுந்துவிட்டதால், ஊரிலிருந்த உறவினருக்கு இவர்கள் சயாமுக்குப் போன செய்திகூடத் தெரிந்திருக்கவில்லை.

போர்க் கைதிகளுக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் இடையிலான ஒரு வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. கைதிகளிடம் படை ஒழுங்கு, அதிகாரிகள், தங்கள் மருத்துவர்கள், மறைவாக எழுதி வைத்த பெயர்ப் பட்டியல்கள் ஆகியவை இருந்தன. தொழிலாளர் முகாம்களில் இவற்றில் எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது தொழிலாளர் முகாம்களில் இறப்பு மிக அதிகமானதற்கு இதுவே முதன்மையான காரணமாகும். பின்னாளில் குண்டுவீச்சில் இறந்தவர்களைக் கணக்கெடுப்பதிலும் இதே வேறுபாடு தொடர்ந்தது.

தாக்கிய விமானங்கள்

தாக்குதல்கள் பெரும்பாலும் வங்காளத்தின் விமானத் தளங்களிலிருந்து நடத்தப்பட்டன. கொல்கத்தா பகுதியிலிருந்து காஞ்சனபுரி ஏறத்தாழ 1,500 கி.மீ. தொலைவில் உள்ளது. சென்று திரும்ப 3,000 கி.மீ.க்கு மேல். எனவே பாதையின் சயாம் பகுதியைத் தாக்கும் பணி நான்கு எஞ்சின்கள் கொண்ட பி-24 லிபரேட்டர் கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கே பெரிதும் ஒதுக்கப்பட்டது. பாண்டவேசுவரில் இருந்த அமெரிக்க 7 ஆவது குண்டுவீச்சுக் குழுவும், திக்ரி, சல்பானி ஆகிய தளங்களில் இருந்த பிரித்தானிய ஸ்குவாட்ரன்களும் இதில் ஈடுபட்டன.

பர்மாவுக்குள் இருந்த இரயில் பாதைகளின்மீது இலகு விமானங்களும் ஏவப்பட்டன. இரண்டு எஞ்சின்களும் இரண்டு பேர் கொண்ட குழுவும் உடைய பியூபைட்டர், மொஸ்கிட்டோ விமானங்கள் மரங்களின் உச்சியை ஒட்டித் தாழப் பறந்து எஞ்சின்களைத் தேடிச் சென்று தாக்கின. எஞ்சினின் கொதிகலனைப் பீரங்கிக் குண்டு துளைத்துவிட்டால் போதும். பெட்டிகள் முழுவதும் பாதையிலேயே நின்றுவிடும். பகலில் ஓடிய இரயில்கள் இதனால் இரவில் மட்டும் ஓடத் தொடங்கின. எஞ்சின்களைப் பகலில் மரங்களுக்கிடையே மறைத்து வைத்தனர். அக்காலத்தில் இந்திய வான்படையின் 7, 8 ஆம் ஸ்குவாட்ரன்களிடம் இருந்த வெஞ்சன்ஸ் குத்துக் குண்டுவீச்சு விமானங்கள் அரக்கான், இம்பால் முனைகளில் பறந்தன. சயாம் பாதை அவற்றுக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

யார்டு ஏன் இலக்காகிறது

யார்டு என்பது வந்து சேரும் பெட்டிகளைப் பிரித்து, செல்லும் இடத்துக்கேற்ப மீண்டும் கோத்து அனுப்பும் இடமாகும். நீண்ட பாதையில் எந்த இடத்தில் தண்டவாளம் உடைந்தாலும் ஓரிரு நாளில் மாற்றிவிடலாம். யார்டில் எஞ்சின் கொட்டகை, நீர்த்தொட்டி, நிலக்கரி அல்லது விறகுக் குவியல், சரக்குக் கிடங்கு, ஆள் குடியிருப்பு எல்லாம் நெருக்கமாக இருக்கும். பல தண்டவாளங்கள் அருகருகே கிடப்பதால், உயரத்திலிருந்து போடும் குண்டு சற்று விலகினாலும் ஏதாவது ஒன்றைக் கெடுக்கும். பாலத்தைத் தாக்குவது இதற்கு நேர்மாறு. பாலம் சில மீட்டர் அகலமே உடையது. விலகிய குண்டு ஆற்றில் விழும், அல்லது கரையில் விழும்.

கரையில் யார் இருந்தனர் என்பதே இங்குச் சிக்கல். ஜப்பானியர் வேலையாட்களின் முகாம்களைப் பாதையையும் யார்டையும் பாலத்தையும் ஒட்டியே அமைத்திருந்தனர். மூங்கில் சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்ட நீண்ட குடிசைகள் வானிலிருந்து பார்க்கும்போது படைவீரர் குடியிருப்பு போலவும் சரக்குக் கொட்டகை போலவும் தோன்றக்கூடியவை.

முக்கியத் தாக்குதல்கள்

தன்பியூசாயாட்: பர்மா முனையான இங்கு யார்டு, கிடங்குகள், போர்க் கைதிகளின் தலைமை முகாம், மருத்துவமனை முகாம் ஆகியவை அருகருகே இருந்தன. பாதை முடிவடைவதற்கு முன்பே, 1943 ஜூன் 12, 15 ஆகிய நாட்களில் லிபரேட்டர்கள் இவ்விடத்தைத் தாக்கின. கைதிகள் பலர் இறந்தனர். இதன்பின் மருத்துவமனை முகாம் கைவிடப்பட்டு, நோயாளிகள் பாதையோர முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். இங்குக் கைதிகளின் தலைவராக இருந்த ஆஸ்திரேலியப் பிரிகேடியர் ஆர்தர் வார்லி தமது நாட்குறிப்பில் பாதையின் நிகழ்வுகளைப் பதிந்து வைத்தார்.

நோங் பிளாடுக்: சயாம் முனையின் பெரிய யார்டு இது. 1944 செப்டம்பர் 6 ஆம் நாள் இரவு நடந்த தாக்குதலில் குண்டுகள் யார்டில் மட்டுமன்றி அடுத்திருந்த கைதிகள் முகாமிலும் விழுந்தன. ஏறத்தாழ நூறு கைதிகள் இறந்தனர். பல நூறு பேர் காயமுற்றனர். இப்பாதையின் மீதான தாக்குதல்களில் போர்க் கைதிகளுக்கு நேர்ந்த பெரிய இழப்புகளுள் இதுவும் ஒன்று.

இதற்கு ஆறு நாட்களுக்குப் பின், செப்டம்பர் 12 அன்று, பாதை வேலை முடிந்து ஜப்பானுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற ரக்குயோ மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் தென்சீனக் கடலில் மூழ்கடித்தது. வார்லி இதில் இறந்தார். கடலில் மிதந்த கைதிகளில் சிலரைப் பின்னர் நீர்மூழ்கிக் கப்பல்கள் மீட்டன. பாதையில் நடந்தவை பற்றிய விரிவான முதல் நேரடிச் சாட்சியம் நேச நாடுகளுக்கு இவர்கள் மூலமே கிடைத்தது. எனினும் தாக்குதல்கள் நிற்கவில்லை. பர்மாவில் முன்னேறத் தொடங்கியிருந்த நேச நாட்டுப் படைக்கு எதிராக இப்பாதை வழியே அரிசியும் வெடிமருந்தும் வந்துகொண்டிருந்தன என்பதே படைத்தலைமையின் கணக்கு.

தாமர்க்கான்: காஞ்சனபுரி அருகே ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலமும், ஜாவாவிலிருந்து கொணரப்பட்ட இரும்பு வளைவுகள் கொண்ட ஒரு பாலமும் இருந்தன. 1944 நவம்பர் 29 அன்று நடந்த தாக்குதலில் சில குண்டுகள் அருகிலிருந்த முகாமில் விழுந்து கைதிகள் பலரைக் கொன்றன. 1945 பிப்ரவரி முதல் ஜூன் வரை மீண்டும் மீண்டும் நடந்த தாக்குதல்களில் இரும்புப் பாலத்தின் மூன்று வளைவுகள் வீழ்ந்தன. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் மரப்பாலத்தைச் சீர்செய்ய ஆட்கள் இறக்கப்பட்டனர்.

இக்காலத்தில் புதிய கருவி ஒன்றும் பயன்படுத்தப்பட்டது. அசோன் எனப்பட்ட அக்குண்டின் வாலை வானொலி அலை மூலம் விமானத்திலிருந்தே இடமும் வலமுமாகத் திருப்ப இயலும். முன்பின்னாகத் திருத்த இயலாது. நீளமாகக் கிடக்கும் பாலத்துக்கு இதுவே போதுமானதாக இருந்தது. 1944 டிசம்பர் 27 அன்று பர்மாவின் பின்மனா இரயில் பாலத்தின்மீது 7 ஆவது குண்டுவீச்சுக் குழு இதனைப் பயன்படுத்தியது.

மலாயாவின் இரயில் பணிமனைகள்

பாதைக்கு ஆட்களையும் சரக்கையும் அனுப்பிய மலாயா இரயில்வேயும் தாக்குதலுக்கு உள்ளானது. 1945 பிப்ரவரி 19 அன்று கரக்பூர் பகுதித் தளங்களிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ ஐம்பது பி-29 விமானங்கள் 2,600 கி.மீ. பறந்து கோலாலம்பூரின் மத்திய இரயில் பணிமனையைத் தாக்கி, அதன் கட்டடங்களில் மூன்றில் இரு பங்கை அழித்தன. மார்ச் 10 அன்று மீண்டும் ஒரு தாக்குதல் நடந்தது. அன்று சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியும் குண்டுக்கு இரையாயிற்று. பணிமனை அமைந்திருந்த செந்தூலும், இரயில்வே குடியிருப்பான பிரிக்பீல்ட்ஸும் தமிழர் மிகுதியாக வாழ்ந்த பகுதிகள். எழுத்தர், நிலைய அதிபர் பணிகளில் யாழ்ப்பாணத் தமிழரும், பணிமனை, தண்டவாள வேலைகளில் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் பெருமளவில் இருந்தனர்.

விளைவுகள்

தாக்குதல்களால் பாதை முற்றாக நின்றுவிடவில்லை. ஆனால் பாலம் உடைந்த இடங்களில் சரக்கை இறக்கி, படகில் கடத்தி, மறுகரையில் மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. திட்டமிட்ட 1,000 டன்னைப் பாதை தொடர்ந்து சுமக்கவே இல்லை. இந்தத் தாமதத்தின் சுமை முழுவதும் பாதையைப் பழுதுபார்த்தவர்கள் மீது விழுந்தது. பாதை முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று எதிர்பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர், குண்டுக் குழிகளை நிரப்பவும் விறகு வெட்டவும் தண்டவாளம் மாற்றவும் 1945 ஆகஸ்டு வரை அங்கேயே நிறுத்தப்பட்டனர். குண்டுவீச்சில் இறந்த கைதிகளின் பெயர்கள் அறியப்பட்டுள்ளன. இறந்த தொழிலாளர்களுக்கு அத்தகைய பட்டியல் இல்லை.

போருக்குப் பின் பர்மியப் பகுதித் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. சயாம் பகுதி 1946 இல் தாய்லாந்து அரசுக்கு விற்கப்பட்டது. அதில் நாம் தோக் வரையிலான பகுதியில் மட்டும் இன்றும் இரயில் ஓடுகிறது. இரும்புப் பாலத்தில் வீழ்ந்த மூன்று வளைவுகளுக்குப் பதிலாகப் போருக்குப் பின் பொருத்தப்பட்ட இரண்டு நேரான சட்டங்களை இன்றும் காணலாம். வளைவாக உள்ளவை பழையவை. 1957 இல் வெளியான டேவிட் லீனின் புகழ்பெற்ற திரைப்படத்தில் மரப்பாலம் ஒன்று வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. அப்படம் இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது, நிகழ்வும் கற்பனையே. தமிழ்த் தொழிலாளர்களை அதில் காண இயலாது.

நினைவிடங்கள்

காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசாயாட் ஆகிய இடங்களில் போர்க் கைதிகளுக்கான கல்லறைத் தோட்டங்கள் பராமரிக்கப்படுகின்றன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. ஆசியத் தொழிலாளர்கள் பெரும்பாலும் பெயரின்றிப் பொதுக்குழிகளில் புதைக்கப்பட்டனர். 1990 ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் தோண்டியபோது அத்தகைய குழி ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. மலேசிய எழுத்தாளர்கள் ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்" ஆகிய புதினங்கள் இத்தொழிலாளர்களைப் பற்றியவை. 2023 ஆம் ஆண்டில் காஞ்சனபுரியின் தவோர்ன் வராரம் விகாரை வளாகத்தில் இறந்த தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது.