கொல்லையில் பூத்த கல்யாணம்

வைகாசியில் வீட்டில் கல்யாணம் என்றால் மார்கழியிலேயே அதற்கான வேலை கொல்லையில் தொடங்கிவிடும். மல்லிகைச் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்வார்கள். காய்ந்த குச்சி, நோய் பிடித்த கிளை, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கொடி எல்லாம் போய்விடும். வேரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, மக்கிய சாணம் போட்டு, வெயில் படும்படி விட்டால் மாசியில் துளிர்க்கும், பங்குனியில் மொக்கு வைக்கும். சித்திரையும் வைகாசியும் அதன் உச்சக் காலம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில், வரன் முடிவாகாத வீடுகளிலும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பாட்டிமார்கள் செடியை வெட்டி வைப்பார்கள்.

அப்போதெல்லாம் மணப்பெண் எந்தப் பூவைச் சூடுவாள் என்பதைப் பருவம்தான் முடிவு செய்தது. தை மாதக் கல்யாணத்தில் மல்லி கிடைக்காது. குளிரிலும் பனியிலும் செடி சுருண்டு கிடக்கும். கனகாம்பரம், செவ்வந்தி, டிசம்பர் பூ, வாசனைக்கு மரிக்கொழுந்து, மரு. இவற்றைக் கலந்து கட்டிய கதம்பம்தான் தைப் பெண்ணின் தலையில் இருக்கும். ஆவணி என்றால் மழைக்குப் பூத்த தாழம்பூ வந்துவிடும். அதன் மடலைச் சன்னமாகக் கிழித்து, மடித்து, பின்னலோடு சேர்த்துத் தைப்பார்கள். பழைய கல்யாணப் படத்தைக் கையில் எடுத்துப் பெண்ணின் தலையைப் பார்த்தாலே எந்த மாதத்துக் கல்யாணம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இன்று எந்த மாதம் எடுத்த படத்தைப் பார்த்தாலும் மல்லிகையும் ரோஜாவும்தான். பழைய ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பருவக் கணக்குதான். கிடைக்காததைத் தேடாமல், கிடைப்பதை அழகாக்கத் தெரிந்திருந்தது.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் விடியும் முன்பே பூப்பறிப்பு தொடங்கும். குண்டு மல்லியை மொக்காகப் பறிக்க வேண்டும்; முழுதாக வெளுத்து, வாய் திறவாமல் இருக்கும் மொக்கு. வெயில் ஏறுவதற்குள் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சாயங்காலம்தான் மலரும். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு வேண்டிய பூவைக் கட்டி முடித்து, வாழை இலையில் பொதிந்து, ஈரத்துணி போர்த்திய மண்பானைக்குள் வைப்பார்கள். அந்தக் குளிர்ச்சி மலர்ச்சியைக் கொஞ்சம் தள்ளிப்போடும்.

கட்டும் வேலை முற்றத்தில் நடக்கும். வாழை மட்டையை உரித்துக் காயவைத்த நாரைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் கிழித்து இழை இழையாக எடுப்பார்கள். நூலில் கட்டினால் மெல்லிய காம்பு அறுபடும். ஈர நார் காம்பை அறுக்காமல் பிடிப்பதோடு பூவுக்குக் கொஞ்சம் ஈரத்தையும் கொடுக்கும். இந்தப் பக்கம் இரண்டு மொக்கு, அந்தப் பக்கம் இரண்டு மொக்கு, மேலே ஒரு கண்ணி, இறுக்கி ஓர் இழுப்பு. கைவேகம் உள்ளவர்கள் பேச்சை நிறுத்தாமல், பூவைப் பார்க்காமல், முழம் முழமாக இறக்குவார்கள். சிலர் நாரின் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு கட்டுவார்கள்; சாமிக்கான சரத்துக்கு மட்டும் அது கூடாது என்று கண்டிப்பு உண்டு. நெருக்கமாகக் கட்டியது பெண்ணுக்கு, கலக்கக் கட்டியது வந்தவர்களுக்கு, உதிர்ந்தது நலங்கில் உருட்டி விளையாடும் பூப்பந்துக்கு. ஒரு மொக்கும் வீணாகாது.

ஜடை தைப்பது தனிக் கலை. பச்சை வாழை மட்டையைப் பின்னலின் நீளத்துக்கு நறுக்கி, அதன்மேல் மொக்குகளை ஊசியில் கோத்து வரிசை வரிசையாகத் தைப்பார்கள். வரிசைக்கு வரிசை மொக்கின் தலை ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நடுவில் ரோஜாவோ கனகாம்பரமோ வைத்துக் கட்டம் போடுவார்கள். கீழே குஞ்சலம், மேலே ராக்கொடி. மூன்று பேர் உட்கார்ந்தாலும் ஒரு பகல் போய்விடும். அந்த ஒரு பகலில்தான் கல்யாணப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய எல்லாமே சொல்லப்படும். மாமியார் வீட்டுச் சமையல் முதல், வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கும் கேள்விகள் வரை.

பூ மட்டுமா? ஆண்பிள்ளைகள் தென்னங்குருத்தைக் கீறிக் கிளியும் விசிறியுமாக மடித்துத் தோரணம் கட்டுவார்கள். வாசலில் குலையோடு வாழை நிற்கும். முளைப்பாலிகைக்கு மண் சட்டியில் நவதானியம் விதைப்பார்கள். பந்தக்காலில் கட்டிய கல்யாண முருங்கைக் கிளையைச் சடங்கு முடிந்ததும் வேலியோரம் நட்டுவிடுவார்கள். போத்து நட்டாலே வேர்விடும் மரம் அது. சில வீட்டு வேலிகளில் எந்த மரம் எந்த அக்காவின் கல்யாணத்துக்கு நட்டது என்று கை காட்டிச் சொல்ல ஆள் இருந்தது.

இத்தனையையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் குடும்பத்தில் பூக்கட்டுவதில் முதல் கை என் அப்பாவின் அத்தையுடையது. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். கோயிலுக்கும் தெருவுக்கும் அவர் கட்டிய சரம்தான். கல்யாணத்துக்கும் அவர்தான் கட்டுவார்; ஆனால் கட்டி முடித்த பூவை இன்னொரு சுமங்கலி எடுத்துத்தான் தட்டில் வைக்க வேண்டும். மேளம் கொட்டும் நேரத்தில் அவர் இரண்டாம் கட்டில் பாத்திரங்களோடு இருப்பார். ஒரு நாளும் ஒரு மொக்கைத் தலையில் வைத்துக்கொண்டதில்லை. அகநானூற்றின் 86ஆம் பாட்டு ஒரு பழந்தமிழ்க் கல்யாணத்தைச் சொல்கிறது. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடிப் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டுகிறார்கள். அன்புள்ள கைகளிலிருந்து பூ வாங்குவது நமக்கு எவ்வளவு பழைய வழக்கமோ, எந்தக் கைகள் தொடலாம் என்று பிரித்து வைப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவு பழையதுதான். அந்தக் காலத்து முற்றத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் அத்தைப் பாட்டியை உள்ளே நிறுத்திய அந்த விதியோடு சேர்த்து அதைத் திரும்பக் கேட்க மாட்டேன்.

முற்றம் போனதற்குப் பல காரணங்கள். பாகப்பிரிவினையில் கொல்லை துண்டானது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு எழும்பியபோது செடிக்கு இடம் விடவில்லை. கல்யாணம் மண்டபத்துக்குப் போனது. நாலைந்து நாள் சடங்கு ஒன்றரை நாளாகச் சுருங்கியது. வேலைக்குப் போகும் பெண்கள் முதல் நாள் சாயங்காலம்தான் வந்து இறங்குகிறார்கள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து மொக்கு தைக்க யாருக்கும் நேரமில்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

வீட்டுக் கொல்லை சுருங்கச் சுருங்க, வயலில் பூ விரிந்தது. மதுரை, திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கத்திலும் சத்தியமங்கலத்திலும் மல்லி பெரும் பணப்பயிர். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பதியன்கள் பெரும்பாலும் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பக்கத்து மணல் நிலத்தில் வேர்விட்டு வருபவை. குமரி மாவட்டத்துத் தோவாளையில் அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து, ரத்தினக்கல் பதித்ததுபோல் தட்டையாக மாணிக்க மாலை கட்டுகிறார்கள். 2025இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. வீட்டில் தளர்ந்த கைவேலை இந்த ஊர்களில் பிழைப்பாக நிலைத்து நிற்பது எனக்குப் பெரிய ஆறுதல். இன்று மண்டபத்து மேடையில் தொங்கும் ஒவ்வொரு சரத்துக்குப் பின்னாலும் விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்தவர் ஒருவர் இருக்கிறார், முழக்கணக்கில் கூலிக்குக் கட்டிய பெண் ஒருவர் இருக்கிறார்.

அலங்காரக்காரரிடம் பேசும்போது அந்தக் கூலியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கோடையில் கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்கும் மல்லி, தை மாத முகூர்த்தத்தில் சில ஆயிரங்களைத் தொடும்; செய்தியில் அந்த விலைதான் வரும். கட்டியவரின் கூலி எவ்வளவு ஏறியது என்று யாரும் எழுதுவதில்லை. பூவுக்கு லட்சங்களில் செலவழிக்கும் வீட்டார் இந்த ஒரு கேள்வியையாவது கேட்கலாம்.

இப்போது இன்னொரு மாற்றத்தைப் பார்க்கிறேன். கொல்லை மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறது. செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு கலந்து நிரப்பிய பையில் மல்லி நன்றாக வருகிறது. நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். குறைந்தால் இலைதான் தழைக்கும். புதுத் துளிரில்தான் மொக்கு வரும் என்பதால் ஒவ்வொரு பூப்புக்குப் பிறகும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மொக்கு ஊதா நிறமாக மாறினால் உள்ளே புழு. அந்த மொக்குகளைக் கிள்ளி எறிந்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும். விடிகாலையில் மாடிக்குப் போய், அன்றைக்கு எத்தனை மொக்கு வெளுத்திருக்கிறது என்று இலையை விலக்கிப் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஈடாக எதையும் நான் கேட்க மாட்டேன். ஒரு செடி ஒரு நாளுக்கு ஒரு கைப்பிடி தரும். கல்யாணத்துக்கு அது எந்த மூலைக்கு என்றால், மேடைக்குக் காணாது. ஆனால் தாலி வைக்கும் தட்டுக்கும், பெண்ணின் தலையில் முதலில் வைக்கும் ஒரு முழத்துக்கும் அது தாராளம். அந்த ஒரு முழம் வீட்டிலிருந்து வந்தால் போதும் என்பது என் எண்ணம்.

கைவேலையும் வேறு உருவில் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. குரோஷே ஊசியில் வெள்ளை நூலால் மல்லிச் சரம் பின்னுகிறார்கள். சாட்டின் ரிப்பனில் மொக்கு சுருட்டி ஜடை செய்து வாடகைக்கு விடுகிறார்கள். கல்யாண மாலையின் இதழ்களை உலர்த்தி, ரெசினில் பதித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டிலிருந்தபடி, குழந்தை தூங்கும் நேரத்தில், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கிச் செய்யும் பெண்கள். வாசனை இல்லாத பூ எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிறகு, மல்லி கிடைக்காத ஊரில் கல்யாணம் செய்யும் தங்கை மகள் அந்த நூல் சரத்தைச் சூடி, எங்களுக்கு வீடியோவில் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டியபோது, அதைப் பின்னியவரை மனதாரப் பாராட்டினேன். ஒரே ஒரு வேண்டுகோள்: பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாமரம் இன்னும் எல்லாத் தெருவிலும் இருக்கிறது.

ரெசின் சட்டம் செய்பவர்கள் சொல்லும் ஒரு விவரம் என்னை யோசிக்க வைத்தது. ரோஜா உலரும்போது கருஞ்சிவப்பாகி நிற்கும். மல்லி பழுப்பேறிவிடும், வெள்ளையாக நிறுத்துவது மிகவும் கடினம். ஒரு ராத்திரிக்கு மட்டுமே வெள்ளையாக இருக்கும் பூவை நம் முன்னோர் கல்யாணத்துக்குத் தேர்ந்ததால்தான் கூட்டமாக உட்கார்ந்து, இரவோடு இரவாகக் கட்ட வேண்டியிருந்தது. பத்து நாள் தாங்கும் பூவாக இருந்திருந்தால் அந்த முற்றத்துக் கூட்டமே கூடியிருக்காது.

அந்தக் கூட்டத்தை இன்றைய மண்டபத்திலும் கூட்ட முடியும். போன வருஷம் எங்கள் உறவில் நடந்த கல்யாணத்தில் மணப்பெண்ணின் அம்மா அதைச் செய்தார். கணவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. “என் பொண்ணுக்கு நான்தான் கட்டுவேன், நான்தான் வச்சுவிடுவேன், நானும் வச்சுக்குவேன்” என்று சொல்லிவிட்டார். மறுத்துப் பேச நினைத்த பெரியவர் ஒருவர்கூடப் பேசவில்லை. மூத்த சித்தப்பா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாரைக் கிழிக்க ஆரம்பித்தார்.

உங்கள் வீட்டில் கல்யாணம் வந்தால் பூக்கடையில் ஒன்று சொல்லிப் பாருங்கள்: மேடைக்கும் மாலைக்கும் கட்டிய பூவாகக் கொடுங்கள், இரண்டு கிலோ மட்டும் உதிரியாகக் கொடுங்கள். அதோடு ஒரு கட்டு வாழைநார். முதல் நாள் சாயங்காலம், பந்தி தொடங்கும் முன் சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் ஜமக்காளம் விரித்து அதை நடுவில் கொட்டுங்கள். கட்டத் தெரிந்தவர் மூன்று பேர் இருந்தால் மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். பையன்களையும் உட்கார வையுங்கள். நாரை மட்டும் முன்பே நனைத்து வைத்துவிடுங்கள், காய்ந்த நார் முடிச்சில் ஒடிந்துவிடும்.