பழைய வானொலிப் பேழையும் மெருகு மீட்பும்

முன்னுரை

வானொலி என்றவுடன் அதன் ஒலியையே நாம் நினைக்கிறோம். அவ்வொலிக்கு உறைவிடமாக விளங்கிய மரப்பேழையை நினைப்பார் சிலரே. சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. டிரான்சிஸ்டர் பெட்டிகள் பரவும் வரையில், மர்பி, பிலிப்ஸ், புஷ் முதலிய வால்வு வானொலிகள் வசதி படைத்தோர் இல்லங்களில் கூடத்தின் உயர்ந்த இடத்தில் வீற்றிருந்தன. அவற்றுள் பல பின்னாளில் பரணுக்கும் பழைய பொருள் கடைக்கும் சென்றன. எஞ்சியவற்றைப் புதுப்பிக்க விழைவோரும், பெயின்ட் பூசியோ அளவின்றித் தேய்த்தோ அவற்றின் பழமையை அழித்துவிடுவதுண்டு. பேழையின் மெருகை அதன் இயல்பு கெடாமல் மீட்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பேழையின் இயல்பு

பேழை வெறும் அலங்காரமன்று. ஒலிபெருக்கியின் கூம்பு அதிரும்போது அதன் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றற்கொன்று எதிரானவை. அவை கலந்து அழியாதவாறு முன்பலகை தடுப்பதாலேயே தாழ்ந்த சுருதிகள் நன்கு கேட்கின்றன.

பெரும்பாலான பேழைகள் முழுமரத்தால் ஆனவையல்ல. ஒட்டுப்பலகையின்மீது வால்நட் போன்ற உயர்ந்த மரத்தின் மெல்லிய சீவல் ஒட்டப்பட்டிருக்கும். 'வினீர்' எனப்படும் அச்சீவலின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதனை மறந்து உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர் விரைவிலேயே அடிப்பலகையைக் கண்டுவிடுவர். தேய்ந்துபோன சீவல் மீண்டும் வளர்வதில்லை.

பழைய பூச்சை அறிதல்

பழைய மரப்பொருள்களில் இருவகைப் பூச்சுகள் மிகுதியும் காணப்படும். ஒன்று, அரக்கு. பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினிலிருந்து பெறப்படுவது இது. அவல் போன்ற தகடுகளாகக் கிடைப்பது அவலரக்கு. மற்றொன்று, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1920களில் பரவிய இதுவே தொழிற்சாலைகளில் பெருவழக்காயிற்று.

இரண்டனுள் எது என அறிதல் எளிது. பேழையின் அடிப்புறத்தில், மறைவான ஓரிடத்தில், ஒரு துளி ஸ்பிரிட் இடுக. பூச்சு இளகினால் அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் அது லாக்கர். சில பேழைகளில் நிறம் மரத்தில் இன்றி லாக்கரிலேயே கலந்திருக்கும்; அதனை உரித்தால் நிறமும் உடன் போய்விடும். ஆகவே சோதனைக்குப் பின்னரே மேற்செயல் தொடங்க வேண்டும்.

செய்முறை

முதலில் வானொலியின் உட்கருவியைக் கழற்ற வேண்டும். மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் கொண்மிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். சிலவகை வானொலிகளில் உலோக அடிச்சட்டமே வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்புடையது. எனவே, இப்பணியை வானொலி பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே தக்கது.

அடுத்து, நன்கு பிழிந்த ஈரத்துணியில் சிறிது மென்சோப்பு தொட்டு அழுக்கை நீக்குக. பல பேழைகளுக்கு இதுவே போதுமானது. நீரை மிகுதியாகப் பயன்படுத்தலாகாது. சீவலைப் பிடித்துள்ள வச்சிரம் நீராலும் வெப்பத்தாலும் இளகும் இயல்பினது. பெயர்ந்த சீவலின் அடியில் மெல்லிய தகட்டால் புதிய வச்சிரத்தைச் செலுத்தி, ஓரிரவு பாரம் வைத்தால் அது படிந்துவிடும்.

அரக்குப் பூச்சில் விரிசல் மட்டும் இருப்பின், அதனை உரிக்க வேண்டுவதில்லை. ஸ்பிரிட் தோய்த்த தூரிகையால் மெல்லத் தடவினால், பழைய அரக்கே இளகி ஒன்றுசேரும். உரித்தே ஆகவேண்டிய நிலையில், காற்றோட்டமுள்ள இடத்தில் கையுறையுடன் செயல்படுக. அதன்பின் 240, 320 எண் கொண்ட நுண்தாளால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே இலேசாகத் தேய்க்கலாம்.

பின்னர், பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். ஒரு படலம் உலர்ந்த பின்னரே அடுத்தது. மழைநாளில் பூசினால் ஈரம் ஏறி வெண்மை படரும். வறண்ட நாளே ஏற்றது.

அலைவரிசை காட்டும் கண்ணாடியில் கைவைக்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அதன் எழுத்துகள் பெரும்பாலும் பின்புறத்தில் அச்சிடப்பட்டவை. வெறும் ஈரத்துணி பட்டாலும் சில உதிர்ந்துவிடும். ஐரோப்பிய வானொலிகள் பலவற்றில் லண்டன், பாரிஸ், ஹில்வர்சம் என ஊர்ப்பெயர்கள் வரிசையாக நிற்கும். அவ்வெழுத்துகள் அழிந்தால், பேழை எத்துணை பளபளத்தாலும் அது ஊமையே.

முடிவுரை

பழஞ்சுவடியைப் பதிப்பிக்கும் நல்லறிஞர், செல்லரித்த இடத்தில் தம் சொல்லைப் பெய்து மூலம்போல் காட்டுவதில்லை; உள்ளதைக் காத்து, விடுபட்டதைப் புள்ளியிட்டு உணர்த்துவர். மரப்பேழைக்கும் அந்நெறியே பொருந்தும். புதிதாகத் தோன்றச் செய்தல் வேறு. பழையதை வாழச் செய்தல் வேறு. தம் இல்லத்துப் பரணில் பாட்டனார் வாங்கிய வானொலி ஒன்று இருப்பின், மாணவர்கள் அதனைத் தேய்க்கத் தொடங்குமுன் ஒரு துளி ஸ்பிரிட்டால் சோதித்துப் பார்ப்பார்களாக. அதனை வாங்கிய காலத்தை அறிந்த மூத்தோர் இருப்பின், அவர்கள் சொல்வதையும் எழுதி அப்பேழையோடு சேர்த்து வைப்பது நம் கடமையாகும்.